எதிரியின் வாயில் நம் விசுவாசப் பிரமாணம்

1978 செப்டெம்பர் 17, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ விண்வெளித் தொடரின் முதற் கதை மூன்று மணிநேரப் படமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் ஆண்டுப் போருக்குப் பின் எதிரி சமாதானம் பேச வருகிறான், அந்தச் சமாதானமே ஒரு பொறி என்பதுதான் கதை. நடுவில் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். கார்ட்டர், சதாத், பெகின் மூவரும் கேம்ப் டேவிட் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதை நேரலையில் காட்டிவிட்டு மறுபடியும் விண்வெளிக்குத் திரும்பினார்கள். பொய்ச் சமாதானத்தைப் பற்றிய கதையை ஒரு மெய்ச் சமாதானம் இடைமறித்ததை ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாங்கள் பார்த்தது பிற்பாடு, இங்கே பிரித்தானியாவில். இதை எழுதும் மூவரும் எண்பதுகளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு லண்டனில் வந்திறங்கியவர்கள். இதே வாலிபர் ஐக்கியத்தில் வளர்ந்தவர்கள். மறு ஒளிபரப்பிலும் வாடகை வீடியோ கசெட்டிலுமாகத் துண்டு துண்டாகப் பார்த்தோம். வெள்ளி உடலும், முகத்தில் இடமும் வலமுமாக ஓடும் சிவப்பு ஒளியும் கொண்ட சைலன்கள்தான் எதிரிகள். ஞாயிறு பாடசாலை இடைவேளையில் பிளாஸ்டிக் கோப்பையை வாயில் கவிழ்த்து அவற்றின் கரகரத்த குரலில் பேசிக்கொள்வோம்.

எங்கள் பெற்றோருக்கும் அந்தத் தொடரில் மறுப்பு இருக்கவில்லை. பன்னிரண்டு கோத்திரம் போலப் பன்னிரண்டு குடியேற்றக் கோள்கள். ஒரே இரவில் எல்லாம் அழிகின்றன. எஞ்சியவர்கள் 220 கப்பல்களில் ஏறி, தொலைந்துபோன பதின்மூன்றாவது கூட்டத்தாரைத் தேடிப் பூமி என்ற இடத்துக்குப் புறப்படுகிறார்கள். முன்னால் நரைத்த தலையோடு ஒரு தகப்பன், தளபதி அடாமா. யாத்திராகமத்தை விண்வெளியில் எடுத்ததுபோல இருந்தது. ஊரை விட்டு வந்து ஓர் அறையில் ஐந்து பேராகப் படுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கப்பற்கூட்டம் அந்நியமாகத் தெரியவில்லை. அடாமாவாக நடித்த லோர்ன் கிரீன் திரையில் வந்தால் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவார்.

வேதாகமம்போல இருக்கிறது என்று நினைத்தோமே, அதற்குக் காரணம் வேறு என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. தொடரை உருவாக்கிய கிளென் லார்சன் மொர்மன் சபையைச் சேர்ந்தவர். மனிதகுலம் தோன்றிய கோளுக்குத் தொடரில் கோபோல் என்று பெயர். அது மொர்மன் வேதநூல்களில் வரும் கோலோப் என்ற பெயரின் எழுத்து மாற்றம். பன்னிருவர் சபையும் அங்கிருந்து வந்ததுதான். 1979இல் வந்த ஒரு கதையில் ஒளிமயமான உயிர்கள் தோன்றி, தாங்களும் ஒருகாலத்தில் மனிதரைப்போல இருந்ததாகவும் மனிதரும் தங்களைப்போல ஆகலாம் என்றும் சொல்கின்றன. சபையில் உபதேச வகுப்பு படித்த எவரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாங்கள் சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆகவே “பழையது பக்தியானது, புதியது கெட்டது” என்று சபையில் சில பெரியவர்கள் சொல்லும் கணக்கை எங்களால் அப்படியே ஏற்க முடியவில்லை.

செலவு தாங்காமல் ஒரே சீசனோடு அந்தத் தொடர் நின்றது. பிறகு 1980இல் ஒரு தொடர்ச்சி வந்தது; அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2003 டிசம்பரில், அதே பெயரில் நான்கு மணிநேரக் குறுந்தொடர் வந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களில் எழுதிப் பழகிய ரொனால்ட் மூர் அதை எழுதியிருந்தார். அதைத் தொடர்ந்து 2004 முதல் 2009 வரை நான்கு சீசன்கள். முதல் சீசன் அமெரிக்காவுக்கு முன்பே பிரித்தானியாவில் ஸ்கை வன்னில் ஒளிபரப்பானது. அந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க மச்சான்மாரிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டோம்.

ஆனால் பார்க்கத் தொடங்கியபோது மனம் ஒட்டவில்லை. எங்கள் ஸ்டார்பக் சுருட்டுப் பிடிக்கும் துடுக்கான இளைஞன். புதியதில் சுருட்டு அப்படியே இருந்தது, ஆள் பெண்ணாகிவிட்டாள். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் அதைக் கண்டித்து ஒரு காரமான கட்டுரையே எழுதினார். எங்களுக்குள்ளும் சண்டை வந்தது. மூவரில் ஒருவர் பெண். சிறுவயது விளையாட்டில் அவருக்கு எப்போதும் தாதி வேடம்தான் கிடைத்திருக்கிறது. “எனக்கு இருபது வருடம் பிந்தி வந்த ஸ்டார்பக்” என்று அவர் சொன்னதோடு அந்தச் சண்டை முடிந்தது.

பழைய அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச்தான் எங்கள் கட்சியின் தலைவர் என்று சொல்ல வேண்டும். பழைய கதையையே தொடர வேண்டும் என்று அவர் பல ஆண்டு பாடுபட்டார். 1999இல் தாமே முன்னின்று ஒரு முன்னோட்டப் படம் எடுத்து ரசிகர் மாநாடுகளில் காட்டினார். அது பலிக்காமல் புதிய தொடர் வந்தபோது அவருக்கு வருத்தம். அதை மறைக்கவும் இல்லை. அப்படிப்பட்டவரைப் புதிய தொடர்க்காரர்கள் நடிக்க அழைத்தார்கள். அவரும் போனார். கிடைத்தது வீரன் வேடம் அல்ல. டொம் சாரெக் என்ற சிறைக்கைதி, ஒருவருக்குப் போராளியாகவும் இன்னொருவருக்குப் பயங்கரவாதியாகவும் தெரிகிற அரசியல்வாதி. பழைய அப்போலோவும் புதிய அப்போலோவும் ஒரே அறையில் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில்தான் எங்கள் பிடிவாதம் முதலில் இளகியது. அவரே போய்விட்டார், நாங்கள் மட்டும் வாசலில் நின்று என்ன செய்வது?

பழையதற்கும் புதியதற்கும் உண்மையான வேறுபாடு ஸ்டார்பக்கில் இல்லை. பழைய கதையில் சைலன்களை உண்டாக்கியது வேறொரு இனம். தீமை வெளியிலிருந்து வந்தது. புதிய கதையில் சைலன்களைப் படைத்தது மனிதனே. வேலைக்காரராக வைத்துக்கொண்டான், அவை எதிர்த்தன, போர் நடந்தது, ஓய்ந்தது. நாற்பது ஆண்டு கழித்து அவை மனித உருவத்திலேயே திரும்பி வருகின்றன. பக்கத்தில் நிற்பவர் யார் என்று எவருக்கும் தெரியாது.

அழிவு தொடங்குவதற்குச் சற்று முன்பு புதிய அடாமா ஒரு விழாவில் பேசுகிறார். எழுதி வந்த உரையை விட்டுவிட்டு, மனிதகுலம் தப்பிப் பிழைக்க வேண்டும் என்று போராடினோமே, பிழைக்க நாம் தகுதியானவர்களா என்று கேட்டோமா என்கிறார். பழைய அடாமா இப்படிக் கேட்டிருக்க மாட்டார். பழையவர் பூமி உண்டு என்று விசுவாசித்தார். புதியவருக்கு அப்படி ஒரு விசுவாசமே இல்லை. சோர்ந்துபோன சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேண்டும் என்பதற்காகப் பூமிக்கு வழி தெரியும் என்று பொய் சொல்கிறார். எங்கள் சிறுவயது மோசே பொய் சொன்னதை மன்னிக்க எங்களுக்கு ஒரு சீசன் எடுத்தது.

அதே குறுந்தொடரில் இன்னொரு காட்சி. கல்வி அமைச்சராக இருந்த லோரா ரோஸ்லின், மேலிருந்த எல்லோரும் இறந்துபோனதால் சனாதிபதியாகிறார். எதிரி நெருங்குகிறான். வேகமாகப் பாய்ந்து தப்பும் இயந்திரம் சில கப்பல்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இல்லாதவற்றை விட்டுவிட்டுப் போக அவர் கட்டளையிடுகிறார். அப்படி விடப்பட்ட ஒரு கப்பலில், கொஞ்ச நேரம் முன்பு அவரோடு பேசிய சிறுமி பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்று எங்கள் வீட்டில் அம்மா எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். ஊரிலிருந்து புறப்பட்ட அன்றைக்கு யாரை விட்டு வந்தோம் என்பது அந்த வீட்டில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை.

பிறகு ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர்களின் தொகையை எழுதி வைக்கிறார். ஐம்பதாயிரத்துச் சொச்சம். யாராவது இறந்தால் குறைப்பார், குழந்தை பிறந்தால் கூட்டுவார். பழைய தொடரில் எத்தனை கப்பல் என்று எண்ணினார்கள். இதில் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள்.

விசுவாச விஷயத்துக்கு வருவோம். எங்களை உண்மையாகவே புண்படுத்தியது இதுதான். புதிய தொடரில் மனிதர்கள் பல தெய்வங்களை வணங்குகிறார்கள். சேயுஸ், அதீனா என்று கிரேக்கப் பெயர்கள். ஒரே மெய்த் தேவனை அறிக்கையிடுகிறவர்கள் யார் என்றால், சைலன்கள். கோடானுகோடிப் பேரைக் கொன்றவர்களின் வாயில் தேவ அன்பு, தேவ சித்தம், பலுகிப் பெருகும் கட்டளை எல்லாம் வருகின்றன. துரோகியான விஞ்ஞானி பால்டாரின் காதில் ஒரு சைலன் பெண் உருவம் ஓயாமல் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் ஜெபத்தின் சொற்களை எடுத்து எதிரியின் வாயில் வைத்துவிட்டார்கள் என்று கொதித்தோம். இனிப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்து இரண்டு வாரம் பார்க்காமலும் இருந்தோம்.

அப்போது எங்கள் ஐக்கியத்தை நடத்திய அண்ணா ஒருவர், வாதம் செய்யாமல், யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். தேவன் ஒருவரே என்று பிசாசுகளும் அறிந்திருப்பதைப் பற்றிய வசனம் அது. சரியான விசுவாசப் பிரமாணம் இருப்பதால் மட்டும் கை சுத்தமாகிவிடாது என்பது தொலைக்காட்சிக்காரர் கண்டுபிடித்த விஷயம் இல்லையே என்றார். அதன் பிறகு அந்தக் காட்சிகளை வேறு விதமாகப் பார்க்க முடிந்தது. தங்களைத் தேவனுடைய பிள்ளைகள் என்று நிச்சயித்துக்கொண்டு, மற்றவர்கள் நியாயத்தீர்ப்புக்கு உரியவர்கள் என்று முடிவு கட்டியவர்கள் சபையின் சரித்திரத்திலும் உண்டு. கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. பிடிக்கவில்லை, ஆனால் முகம் நம்முடையதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொடரின் ஆரம்ப இசையில் ஒரு பெண்குரல் மெதுவாக ஏதோ பாடும். ஆங்கிலேய நண்பர்களுக்கு அது ஏதோ மர்ம மொழி. எங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, காயத்ரி மந்திரம்! கிறிஸ்தவ வீட்டின் வரவேற்பறையில் சத்தமாக அது ஒலிக்க, அம்மம்மா ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டு, “என்ன பிள்ளையள், பக்கத்து வீட்டு ரேடியோவோ?” என்று எட்டிப் பார்த்தார். கிரேக்கத் தெய்வங்களை வணங்கும் சனத்துக்கு ரிக்வேத மந்திரத்தை இசையாக வைத்தவர்கள் அதன் பொருளை எவ்வளவு யோசித்தார்களோ! கீழைத்தேயத்து வழிபாடு மேலைநாட்டுத் திரையில் பின்னணி வாசனையாக மட்டும் வருவதை எங்கள் இந்து நண்பர்கள்கூட ரசிக்கவில்லை.

முடிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எங்கள் பெரிய குறை அங்கேதான். 2009 மார்ச்சில் வந்த கடைசி எபிசோடில், இறந்து திரும்பி வந்த ஸ்டார்பக் ஒரு வெளியில் நின்றபடியே காணாமற்போகிறாள். பால்டாரோடு பேசிக்கொண்டிருந்த உருவம் தேவதூதர் என்று ஆகிறது. எல்லாம் தேவனுடைய ஏற்பாடு என்று சொல்லி, அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்றும் முடிக்கிறார்கள். கடவுளை இழுத்துவந்து முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள் என்று ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். நீங்கள் கிறிஸ்தவர்கள், உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமே என்று வேலையிடத்தில் கேட்டார்கள். இல்லை. பெயரும் முகமும் இல்லாத, திட்டம் மட்டும் உள்ள ஒருவரை எங்களுக்குத் தெரியாது. நாற்பதாயிரம் பேருக்கும் குறைவாகக் கரை சேர்கிறார்கள். பன்னிரண்டு கோள்களில் மாண்டவர்களுக்காக ஒருவராவது ஆபகூக்கைப்போல அவரோடு வழக்காட வேண்டாமா? நான்கு சீசன் முழுவதும் கடினமான கேள்விகளைக் கேட்டவர்கள் அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. ரோஸ்லினின் மரணம் மட்டும் விதிவிலக்கு. வாக்குத்தத்த தேசத்துக்குச் சனத்தை நடத்தி வந்து, நோயில் வாடி, அந்த நிலத்தை மேலிருந்து பார்த்தபடியே கண் மூடுகிறார். நேபோ மலையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

எங்களோடு அதிகமாகத் தங்கிவிட்டது மூன்றாம் சீசன். 2006 ஒக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கியது. இங்கே சில மாதம் பிந்திப் பார்த்தோம். மனிதர் குடியேறிய ஒரு குளிர்ந்த கோளைச் சைலன்கள் கைப்பற்றி ஆள்கிறார்கள். இரவில் முகமூடி அணிந்த உள்ளூர்ப் பொலிஸார் வீடு வீடாக வந்து ஆட்களைப் பிடித்துப் போகிறார்கள். அவர்களும் மனிதரே, எதிரியோடு சேர்ந்துகொண்டவர்கள். எதிர்ப்பு இயக்கம் தற்கொலைக் குண்டை அனுப்புகிறது. அமெரிக்கப் பார்வையாளர்கள் அதில் ஈராக்கைக் கண்டார்கள். நாங்கள் கண்டது வேறு. அந்த மாதங்களில் ஏ9 பாதை மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்து உறவினரோடு பேசத் தொலைபேசியைச் சுற்றிக்கொண்டேயிருந்தோம். முகமூடிக்காரர் விரல் நீட்டும் காட்சியில் எங்கள் அப்பாமாரில் ஒருவர் சொன்ன ஒரே சொல், “தலையாட்டி.” தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களில் யாருக்குத் தலையசைப்பார்கள் என்று காத்திருந்த ஒரு தலைமுறைக்கு அது அறிவியல் புனைகதை அல்ல.

தப்பிய பிறகு நடப்பதுதான் முக்கியமான கதை. கப்பலில் ஆறு பேர் கொண்ட ஓர் இரகசிய நீதிமன்றம். எதிரியோடு ஒத்துழைத்தவர்களை இரவில் பிடித்து, குற்றத்தை வாசித்து, கதவைத் திறந்து வெற்றுவெளியில் தள்ளுகிறார்கள். அதற்கு உத்தரவு போட்டவர் அப்போதைய இடைக்காலச் சனாதிபதி டொம் சாரெக். எங்கள் சிறுவயது அப்போலோவின் முகம்! கேயிட்டா என்ற இளம் அதிகாரியின் முறை வருகிறது. எதிரியின் ஆட்சியில் பால்டாரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். துரோகி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அவன் கெஞ்சவில்லை. இயக்கத்துக்கு இரகசியமாகச் செய்தி அனுப்பியதையும், அதற்கு அடையாளமாக ஒரு நாய்க்குச் சோறு வைக்கும் தட்டைக் கவிழ்த்து வைத்ததையும் சொல்கிறான். நீதிபதிகளில் ஒருவனுக்கு அந்தத் தட்டு தெரியும். செய்திகளை எடுத்தவனே அவன்தான். கதவு திறக்கவில்லை.

மறுபடியும் பதவிக்கு வந்த ரோஸ்லின் எல்லோருக்கும் பொது மன்னிப்பு அறிவிக்கிறார். கோபம் அடங்கிவிட்டது என்று அவர் நடிக்கவில்லை. இதற்கு முடிவு வேண்டும் என்றால் இப்படித்தான் என்கிறார். பிறகு பால்டார் மீது வழக்கு நடக்கிறது. பெரிய துரோகி அவன். அடாமாவின் மகனே சாட்சிக் கூண்டில் ஏறி, நாம் ஒவ்வொருவரும் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லி, இவ்வளவையும் மன்னித்துக்கொண்டோமே, இவன் ஒருவனை மட்டும் ஏன் வெளியே தள்ளுகிறோம் என்று கேட்கிறான். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பால்டார் விடுதலையாகிறான். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்துக் கடன்காரன் உவமையைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அதன் கனம் எங்களுக்கு இறங்கியது இந்தக் காட்சியில்தான் என்று சொன்னால் போதகர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

துரோகி என்ற சொல்லுக்கு ஊரில் என்ன விலை இருந்தது என்று இந்த இதழைப் படிக்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. எத்தனை கேயிட்டாக்களுக்கு அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல நேரம் கிடைத்திருக்காது?

தம்பி தங்கைகள் இதைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பதினாறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். குறுந்தொடரின் தொடக்கத்திலேயே ஒரு கைக்குழந்தைக்கு நேருவது பெரியவர்களுக்கே தாங்காது. படுக்கையறைக் காட்சிகள் தேவைக்கு அதிகம். இரண்டாம் சீசனில் ‘பெகாசஸ்’ என்ற போர்க்கப்பல் வரும் கதையில் ஒரு கைதிக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தனியே உட்கார்ந்து பார்க்க வேண்டாம். வீட்டில் ஒரு பெரியவர் அருகில் இருக்கட்டும், பிறகு பேசுங்கள். பழைய தொடரைச் சின்னவர்களோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒளிமயமான உயிர்கள் வரும் இடத்தில் மட்டும் சோளப்பொரியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

ரிச்சர்ட் ஹாட்ச் 2017இல் காலமானார். சாரெக்கின் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது: நான்காம் சீசனில் கலகம் செய்து, தோற்று, அடாமாவின் கட்டளைப்படி சுட்டுக் கொல்லப்படுகிறான். பழைய தொடரில் தகப்பனும் மகனுமாக இருந்த இரு பெயர்கள். அந்த எபிசோட் முடிந்தபோது எங்களில் ஒருவர் பழைய கசெட்டைத் தேடி எடுத்தார். அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் இயந்திரம் இல்லை. பால்டாரின் விடுதலையை அவர் இன்னும் ஏற்கவில்லை. மற்ற இருவரும் ஏற்கிறோம். போன மாதம் ஐக்கியக் கூட்டம் முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றும் அதைத்தான் பேசினோம், முடியவில்லை.